35 மீட்டர் தொலைவில் 3 குதிரைத்திறன் கம்ப்ரசர்: வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போதுமா, 4 வேண்டுமா, 6 வேண்டுமா?

கேள்வி: இழைப்புளி

வணக்கம். வீட்டுக்குப் பின்புறம் தனிக் கொட்டகையில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆணித் துப்பாக்கிக்கும் வார்னிஷ் தெளிப்பானுக்கும் ஆகட்டும் என்று ஒரு கம்ப்ரசர் வாங்கினேன். மோட்டாரின் தகட்டில் ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்), 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2.2 கிலோவாட், 3 குதிரைத்திறன், 15 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தொட்டி 100 லிட்டர் கொள்ளும். காற்றழுத்தம் 6 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இறங்கும்போது மோட்டார் ஓடத் தொடங்கி 8 பாரில் நிற்கும்படி பிரஷர் சுவிட்ச் அமைக்கப்பட்டுள்ளது.

வீட்டின் டி.பி. பெட்டியிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கம்ப்ரசர் நிற்கும் இடம்வரை சுவரோரமாக அளந்தால் 35 மீட்டர் வருகிறது. நிரந்தர வயரிங் இன்னும் செய்யாததால், இப்போதைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயருள்ள 30 மீட்டர் நீட்டிப்புச் சுருளை முழுவதும் பிரித்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் சற்றுத் திணறினாலும் ஓடிவிடுகிறது. 8 பார் ஏறியதும் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் அழுத்தம் 6 பாருக்கு இறங்கி, தானாக மறுபடி ஓட வேண்டிய தருணத்தில், பெல்ட் ஒரு விரற்கடை மட்டும் அசைந்து நின்றுவிட, மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, விளக்கு மங்குகிறது, நாலைந்து நொடியில் மோட்டாரின் பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. சில வேளைகளில் அதற்கு முன்பே டி.பி. பெட்டியிலுள்ள 16 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, சில வேளைகளில் விழுவதில்லை. இந்தச் ‘சில வேளை’ எனக்குப் புரியவே இல்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஓடாதபோது பெட்டியில் 228 வோல்ட், சுருளின் கடைசி முனையிலும் 228. மோட்டார் ஓடும்போது பெட்டியில் 226, முனையில் 213. தொடங்கும் நொடியில் முனையில் எண்கள் 170ஐ ஒட்டிக் குதிக்கின்றன.

நிரந்தரமாகச் செம்பு வயர் இழுக்கலாம் என்று மூவரிடம் கேட்டேன். ஒருவர், 2.5 வயர் 24 ஆம்பியர் தாங்கும், 15க்கு அது தாராளம் என்கிறார். இன்னொருவர் 4 என்கிறார். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், 6க்குக் குறைந்து போட்டால் பிறகு வருந்துவாய் என்கிறார். எவரும் காரணம் சொல்லவில்லை. வயரைக் குழாய்க்குள் கொட்டகையின் தகரக் கூரையை ஒட்டிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதே குழாயில் விளக்குகளுக்கான வயரும் வரும். எம்.சி.பி. விழாமலிருக்க 32 ஆம்பியர் போட்டுவிடலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய வயர்மேன்

வணக்கம். அளவெடுத்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்; அதனால் பதில் சொல்வது எளிதாகிவிட்டது. உங்களிடம் பேசிய மூவருமே தவறாகச் சொல்லவில்லை. வயர் தேர்வில் மூன்று கேள்விகள் உண்டு: வயர் சூடேறுமா, ஓடும்போது மின்னழுத்தம் எவ்வளவு குறையும், தொடங்கும்போது எவ்வளவு குறையும். 2.5 போதும் என்றவர் முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் பாதி அளவுக்கே, விடை சொல்லியிருக்கிறார்.

முதலில் சூடு. பி.வி.சி. காப்பிட்ட செம்பு வயரைச் சுவரின் மேல் குழாயில் இழுத்தால், ஐ.இ.சி. 60364 என்ற பன்னாட்டு வயரிங் தரத்தின் அட்டவணைப்படி 2.5க்கு 24 ஆம்பியர், 4க்கு 32, 6க்கு 41 என்று வருகிறது. அவர் சொன்ன 24 அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண் சுற்றுப்புறம் 30 பாகை செல்சியஸாக இருக்கும்போதும், குழாயில் ஒரே ஒரு சுற்று மட்டும் இருக்கும்போதும் பொருந்துவது. தகரக் கூரைக்கு அடியில் நண்பகலில் 45 பாகையை எதிர்பார்க்க வேண்டும், அதற்கு 0.79ஆல் பெருக்க வேண்டும். விளக்குச் சுற்றும் அதே குழாயில் வருவதால் மேலும் 0.80ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 2.5இன் 24 ஆம்பியர் 15.2 ஆகச் சுருங்கிவிடுகிறது. 4இன் 32 ஆம்பியர் 20.2 ஆகிறது. 6இன் 41 ஆம்பியர் 25.9 ஆகிறது. தகட்டில் 15 என்று போட்டிருக்கும் மோட்டாருக்கு 15.2 தாங்கும் வயர் என்பது கழுத்தளவு தண்ணீரில் நிற்பது போன்றது. அதிலும் கம்ப்ரசர் மோட்டார் எல்லா நேரமும் ஒரே மின்னோட்டத்தை எடுப்பதில்லை. தொட்டி நிரம்ப நிரம்ப எடுப்பது கூடும். ஆகவே கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்ப்பவர்கள் காலித் தொட்டியில் பார்த்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. 8 பார் நெருங்கும்போது பார்க்க வேண்டும்.

அடுத்து, ஓடும்போது ஏற்படும் இழப்பு. 20 பாகையில் ஒரு கிலோமீட்டர் செம்புக் கம்பியின் தடை 2.5க்கு 7.41 ஓம், 4க்கு 4.61, 6க்கு 3.08, 10க்கு 1.83. வேலை செய்யும் சூட்டில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும். மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் 35 மீட்டர் என்பது கணக்கில் 70 மீட்டர். இதை மறந்து பாதி இழப்பைக் கணக்கிடுபவர்கள் நிறையப் பேர். 15 ஆம்பியருக்கு 2.5இல் 9.3 வோல்ட், 4இல் 5.8 வோல்ட், 6இல் 3.9 வோல்ட் இழப்பு வரும். 230இல் இவை முறையே 4, 2.5, 1.7 விழுக்காடு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு 4 போதுமானது என்று இந்தக் கணக்கு சொல்லும். உங்களுடைய இரண்டாமவர் இங்கே நின்றுவிட்டார்.

உங்களுடைய நோய் இருப்பது மூன்றாவது கேள்வியில். இவ்வகை மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது தகட்டு மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஆறு மடங்கு என்று வைத்தால் 90 ஆம்பியர். குளிர்ந்த வயரில்கூட 2.5இல் 47 வோல்ட், 4இல் 29 வோல்ட், 6இல் 19 வோல்ட், 10இல் சுமார் 12 வோல்ட் இழப்பு. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்: மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். காலித் தொட்டிக்கு மிச்சமுள்ள விசை போதும். அழுத்தத்தை எதிர்த்து பிஸ்டனைத் தள்ளப் போதாது. அதனால்தான் பெல்ட் ஒரு விரற்கடையோடு நிற்கிறது. என் முடிவு 6 சதுர மில்லிமீட்டர்.

எம்.சி.பி. பற்றி: 32 வேண்டாம். எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பதற்கு; மோட்டாரைக் காப்பது ஓவர்லோடு ரிலே அல்லது நீங்கள் சொன்ன அந்தச் சிவப்புப் பொத்தான். வயர் தாங்குவதைவிட எம்.சி.பி.யின் எண் பெரிதாக இருக்கவே கூடாது. 6 வயர் போட்டாலும் உங்கள் கூரைக்கடியில் அது தாங்குவது 25.9தான் என்று மேலே பார்த்தோம். 32 அதற்கும் பொருந்தாது. இப்போதுள்ள 1.5 சுருளின் தலையில் 32 போட்டால், மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும்போது முதலில் உருகுவது சுருளாக இருக்கும். 20 ஆம்பியர் சி வகை போடுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. கடையில் சிலர் இன்னமும் 3/20, 7/20 என்று கேஜ் கணக்கில் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் பழைய எண்) பேசுவார்கள். 7/20 என்றால் 20ஆம் கேஜ் இழைகள் ஏழு, ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர். 3/20 என்பது 2கூட நிறையாது. அமெரிக்க கேஜ் அட்டவணை வேறு. அதில் 10ஆம் எண் என்பது 5.26 சதுர மில்லிமீட்டர். எண் ஏற ஏற வயர் மெலியும். சதுர மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவதே குழப்பமில்லாதது. வாங்கியபின் எடை போட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் ஒற்றை 6 வயரில் செம்பு மட்டுமே 5 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

மேலே எழுதிய ஐயாவின் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு. தொடக்க நேரக் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு. 90 ஆம்பியர் என்பது மோட்டாரின் முனையில் முழு 230 வோல்ட் இருந்தால் இழுக்கப்படுவது. வயரில் இழப்பு ஏற்பட்டு முனையில் மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அதே விகிதத்தில் குறையும். எனவே நின்ற மோட்டாரை ஒரு தடையாகவே எண்ணிக்கொள்ளலாம்: 230ஐ 90ஆல் வகுத்தால் 2.56 ஓம். அதோடு வயரின் தடையைத் தொடராகச் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மைக்கு இன்னும் அருகில் வரலாம்.

இதை முதலில் உங்கள் சுருளின்மேல் சோதித்துப் பார்ப்போம். வளையும் வகையான 1.5 வயரின் தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 60 மீட்டருக்கு 0.80 ஓம். உங்கள் பெட்டிக்கு வரும் இணைப்புக்கும் ஒரு தடை உண்டு: 15 ஆம்பியர் ஓடும்போது பெட்டியிலேயே 228 என்பது 226 ஆகிறது என்றால், அந்தத் தடை சுமார் 0.13 ஓம். மொத்தம் 3.49 ஓம். 228ஐ அதனால் வகுத்தால் 65 ஆம்பியர். மோட்டாரின் முனையில் கிடைப்பது 167 வோல்ட். நீங்கள் கண்ட 170 இதுவே. கட்டக் கோணங்களை (மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் ஏறி இறங்காததை) பொருட்படுத்தாத கணக்கு இப்படிப் பொருந்துவது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான், ஆனாலும் நம்பி மேலே போகலாம். 230இல் கிடைக்க வேண்டிய முறுக்குவிசையில் பாதியைச் சற்றே தாண்டியதுதான் உங்கள் மோட்டாருக்கு இப்போது கிடைக்கிறது.

உங்களுக்குப் புரியாமலிருந்த ‘சில வேளை’யும் இந்த 65இல்தான் ஒளிந்திருக்கிறது. பி வகை எம்.சி.பி. தன் எண்ணைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் ஏதோ ஒரு புள்ளியில் உடனடியாக விழும். 16 ஆம்பியருக்கு அது 48க்கும் 80க்கும் இடைப்பட்டது. 65 அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறது. சுவிட்ச் மூடும் கணம் மின்னலையின் எந்த இடத்தில் அமைகிறது என்பதைப் பொறுத்து ஒருமுறை விழும், ஒருமுறை விழாது.

இதிலிருந்து வரும் விளைவைக் கவனியுங்கள். இதே எம்.சி.பி.யை வைத்துக்கொண்டு வயரை மட்டும் 6 ஆக்கினால், வயரின் தடை 0.22 ஓமாகக் குறைந்து தொடக்க மின்னோட்டம் 78 ஆம்பியராக ஏறும், எம்.சி.பி. இன்னும் அடிக்கடி விழும். நல்ல வயர் போட்ட பிறகு நிலைமை மோசமானது போலத் தோன்றும். பலர் அந்த இடத்தில்தான் வயர்மேனைக் குறை சொல்லிவிட்டு 32க்குத் தாவுகிறார்கள். மெலிந்த வயர் இத்தனை நாளும் மின்னோட்டத்தைத் தடுத்து எம்.சி.பி.யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதே உண்மை. சி வகை ஐந்து முதல் பத்து மடங்கில் விழுவது. 20 ஆம்பியருக்கு 100 முதல் 200. உங்கள் 78 அதைத் தொடாது.

அந்தக் கணக்கிலேயே மற்ற அளவுகளையும் பார்த்துவிடுகிறேன். பெட்டிக்கு முந்தைய தடையையும் சேர்த்து, மோட்டாரின் முனையில் 2.5 வயருக்கு 182 வோல்ட், 4க்கு 194, 6க்கு 201, 10க்கு 207 கிடைக்கும். 1.5இலிருந்து 6க்குப் போகும்போது 34 வோல்ட் மீள்கிறது; 6இலிருந்து 10க்குப் போனால் 6 வோல்ட்தான். அதற்கு மேல் எவ்வளவு தடித்த வயர் போட்டாலும் பெட்டிக்கு முந்தைய இழப்பை அது தீர்க்காது. 6இல் நிறுத்திக்கொள்வதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

பதில் 3: வைண்டிங் கடை

வயர் கணக்கைப் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். நான் மோட்டாரை அவிழ்த்துப் பார்க்கிறவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். 8 பார் ஏறி மோட்டார் நிற்கும் நொடியில் பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று இரண்டு மூன்று நொடி காற்று வெளியேறும் ஒலி கேட்கிறதா?

கேட்க வேண்டும். பிரஷர் சுவிட்சின் அடியில் ஒரு சிறிய அன்லோடர் வால்வும், அதிலிருந்து தொட்டியின் வாயிலுள்ள, காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு ஓடும் மெல்லிய குழாயும் இருக்கும். மோட்டார் நின்றதும், பிஸ்டனுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் இடையே சிறைப்பட்ட காற்றை அது வெளியே விட்டுவிடும். அடுத்த முறை மோட்டார் சுமையின்றிக் கிளம்பும். ஒலியே இல்லை என்றால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒலி நிற்காமல் தொட்டி காலியாகும்வரை தொடர்ந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறது. காலித் தொட்டியில் ஓடுகிறது, 6 பாரில் ஓடவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயருக்கு முன்பு இதுதான் நினைவுக்கு வந்தது. அவிழ்ப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துத் தொட்டியின் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று. சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தி மறுபடி மறுபடி முயல வேண்டாம். இந்த மோட்டாரில் ஓட்டச் சுருள், தொடக்கச் சுருள் என்று இரண்டு உண்டு. வேகம் ஏறத்தாழ முக்கால்வாசி எட்டியதும் உள்ளேயுள்ள சென்ட்ரிபியூகல் சுவிட்ச் திறந்து தொடக்கச் சுருளையும் தொடக்கக் கண்டன்சரையும் விடுவிக்கும். உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் அது திறப்பதேயில்லை. சில நொடிகளுக்கென்று கட்டிய மெல்லிய சுருள் தொடர்ந்து வேகும். அண்மையில் ஒருவர் ஒரே மோட்டாரை மூன்றாம் முறையாகத் தூக்கி வந்தார். மூடியைத் திறந்தால் ஓட்டச் சுருளின் வார்னிஷ் பொன்னிறமாகவே இருக்கிறது; தொடக்கச் சுருள் மட்டும் கரி. கண்டன்சரின் தலை உப்பி வெடித்திருந்தது. முதலிரண்டு முறையும் அதைக் கட்டிக்கொடுத்த நானும் மோட்டாரின் சுருளைத்தான் பார்த்தேனே தவிர, எவ்வளவு நீள வயரில் ஓட்டுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டபோது 50 மீட்டர் நீட்டிப்புச் சுருளில், பாதியைச் சக்கரத்திலேயே விட்டு ஓட்டியதாகச் சொன்னார்.

பதில் 4: நீள ஹோஸ்

குறுக்கே ஒரு கேள்வி. கம்ப்ரசர் பட்டறைக்குள்தான் நிற்க வேண்டுமா? டி.பி. பெட்டிக்கு அருகில் நிறுத்திவிட்டு 35 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காற்றுக் குழாயை இழுத்தால் வயர்ச் சிக்கலே எழாதே. ஆணித் துப்பாக்கிக்கு அவ்வளவு நீளத்தில் குறையும் அழுத்தம் பெரிதாகத் தெரியாது. பொதுவாக, மின் வயரை நீட்டுவதைவிடக் காற்றுக் குழாயை நீட்டுவது கம்ப்ரசருக்கு நல்லது.

மறுமொழி: இழைப்புளி

அனைவருக்கும் நன்றி. காற்றுக் குழாய் யோசனை நல்லதுதான். ஆனால் பெட்டி இருப்பது படுக்கையறைச் சுவருக்கு மறுபுறம், கம்ப்ரசரின் ஓசை அங்கே தாங்காது. ஆகவே அது பட்டறையிலேயே நிற்கட்டும்.

‘புஸ்’ ஒலியைக் கேட்கவென்றே இன்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தேன். 8 பாரில் மோட்டார் நின்றது. ஒலி எதுவும் இல்லை. தொட்டியை இறக்கிவிட்டு அந்த மெல்லிய குழாயைக் கழற்றினேன். நட்டின் அருகே யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதில் அது நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் எண்ணெயும் துருவும் கலந்த கருப்புப் பிசுக்கு ஒரு மிளகளவு அடைத்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியதும் ஒலி கேட்கிறது. இப்போது பழைய சுருளிலேயே 6 பாரில் நான்கு முறைக்கு மூன்று முறை ஓடத் தொடங்குகிறது. நான்காம் முறை பழையபடி உறுமல். ஆகவே இரண்டு நோயும் இருந்திருக்கின்றன.

வயர் 6 என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வேலைக்கு வரும் எலக்ட்ரீசியன், பேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் இழுத்துவிட்டு, எர்த்துக்குப் பட்டறையிலேயே ஒரு கம்பியை மண்ணில் அடித்துக்கொள்ளலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா? இரண்டாவது, பிரஷர் சுவிட்சின் முனைத் திருகுகளில் 6 வயர் நுழையவே நுழையாது போலிருக்கிறது.

பதில் 5: பழைய வயர்மேன்

வைண்டிங் கடைக்காரர் வந்து காப்பாற்றினார். நான் வோல்ட்டிலேயே மூழ்கிவிட்டேன்.

எர்த் விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். மண்ணில் அடித்த ஒற்றைக் கம்பியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். பல இடங்களில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கம்ப்ரசரின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதன் வழியே போகக்கூடியது 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரணச் சுமை, விழவே விழாது. தொட்டியின் உடம்பு மின்சாரத்தோடு அப்படியே நிற்கும், அதன் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வடிக்கக் குனிபவர் நீங்கள். ஆகவே மூன்றாவதாக 6 சதுர மில்லிமீட்டர் எர்த் வயரையும் பெட்டியிலிருந்தே கொண்டுவாருங்கள். 16 சதுர மில்லிமீட்டர் வரை எர்த் வயர் பேஸ் வயரின் அளவிலேயே இருப்பது வழக்கம். பெட்டியின் எர்த் நியூட்ரலோடு முறையாக இணைந்த அமைப்பாக இருந்தால், கசிவின்போது நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். மண்கம்பியை மட்டும் நம்பிய அமைப்பாக இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஓட்டவே கூடாது. என்னைக் கேட்டால் இரண்டு அமைப்பிலும் அதைப் போட்டுவிடுவேன். உங்கள் பெட்டி எந்த வகை என்பதை உரிமம் பெற்றவர் ஒருவர் அளந்து சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை சி வகை பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தொடக்கச் சிக்கல் என்றதும் சிலர் டி வகைக்குப் போய்விடுவார்கள். அது 10 முதல் 20 மடங்கில்தான் உடனே விழும். 20 ஆம்பியருக்கு 400வரை வேண்டியிருக்கும். அவ்வளவு பாய எர்த் சுற்றின் மொத்தத் தடை 0.57 ஓமுக்குள் இருந்தாக வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

6 வயரை பிரஷர் சுவிட்சுக்குள் திணிக்க முயலாதீர்கள். இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டு நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடம்தான் முதலில் கருகும். கம்ப்ரசருக்கு ஒரு மீட்டர் தொலைவில் சுவரில் 32 ஆம்பியர் இரட்டைத் துருவ ஐசொலேட்டர் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்தி 6 வயரை அதில் முடித்துவிடுங்கள். அங்கிருந்து வளையும் வகை 4 சதுர மில்லிமீட்டர் மூன்று வயர் கொண்ட கேபிளைக் கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையில் அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) வழியாக உள்ளே கொண்டுபோங்கள். ஒன்றரை மீட்டர் துண்டில் இழப்பு எண்ணத் தக்கதல்ல. கம்ப்ரசர் ஓடும்போது நடுங்கும். விறைப்பான குழாயை நேராக அதன் உடம்பில் கொண்டுபோய் முட்டினால் நாளடைவில் முனைகள் தளரும். இழை வயரின் நுனிகளுக்குப் பெரூல் (சிறு உலோகக் குழல்) மாட்டி நசுக்கிய பிறகே திருகுங்கள். ஈயம் பூசிவிட்டுத் திருகினால் ஈயம் காலப்போக்கில் அமுங்கி இணைப்பு லூஸாகிவிடும்.

கேள்வி: மழைத்தாரை

இதே திரியில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏறத்தாழ இதே தொலைவு. என்னிடம் 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் மிச்சம் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில் 6: கணக்குப்பிள்ளை

தடையைப் பொறுத்தவரை தாராளமாகப் போதும். 16 அலுமினியத்தின் தடை கிலோமீட்டருக்கு 1.91 ஓம், அது 10 செம்புக்கு நிகர். தொல்லை முழுவதும் முனைகளில் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நகர்ந்தும் விடும். செம்போடு நேராக முறுக்காமல், இரண்டு முனையிலும் இருவுலோக லக் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த முனைத் துண்டு) மாட்டி, ஆக்சைடு தடுக்கும் பசை தடவி, உரிய கருவியால் நசுக்கத் தெரிந்தவர் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் செம்பு 6 இழுப்பது நிம்மதி.

மறுமொழி: இழைப்புளி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 6. பெட்டியில் 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், சுவரில் ஐசொலேட்டர், அங்கிருந்து 4 வளையும் கேபிள். இப்போது மோட்டார் ஓடும்போது பெட்டியில் 226, ஐசொலேட்டரில் 222. 8 பாரை நெருங்கும்போது கிளாம்ப் மீட்டர் 15.6 ஆம்பியர் காட்டுகிறது. தொடங்கும் நொடியில் எண்கள் 200ஐ ஒட்டி ஒருமுறை குதித்துவிட்டு ஏறிவிடுகின்றன. மல்டிமீட்டர் அதைச் சரியாகப் பிடிப்பதற்குள் மோட்டார் முழு வேகம் எடுத்துவிடுகிறது. 6 பாரில் ஒருமுறைகூட உறுமவில்லை. எம்.சி.பி.யும் விழவில்லை.

தகட்டில் 15 என்றிருக்க 15.6 காட்டுவது கவலைக்குரியதா?

பதில் 7: வைண்டிங் கடை

கடைசி அரை நிமிடத்துக்கு மட்டும் என்றால் கவலை வேண்டாம். தொடர்ந்து அப்படியே ஓடினால் பிரஷர் சுவிட்சை 7.5 பாரில் நிற்கும்படி திருகிவிடுங்கள். ஆணித் துப்பாக்கிக்கு அதுவே மிகை. கையைப் பத்து நொடி மோட்டார் மேல் வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சொல்லுங்கள்.

பதில் 8: பழைய வயர்மேன்

ஒரு மாதம் ஓடிவிட்டது என்பதால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐசொலேட்டரிலும் எம்.சி.பி.யிலும் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிய வயர் திருகின் அடியில் சற்றுப் படிந்திருக்கும்.

மறுமொழி: இழைப்புளி

பார்த்தேன் ஐயா. ஐசொலேட்டரில் நியூட்ரல் திருகு கால் சுற்று ஏறியது; மற்றவை அசையவில்லை.